கரி அள்ளிய கைகளை மறக்கலாமா?

மைசூர் ரயில்வே மியூசியத்தைக் குடும்பத்தோடு பார்த்து வந்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். 1979-ம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட இடம் அது. அங்கே 1899-ம் வருஷத்து மகாராணி சலூன் நிற்கிறது. பக்கத்தில் பழைய கரி இன்ஜின்கள் வர்ணம் பூசப்பட்டு வெயிலில் பளபளக்கின்றன. பிள்ளைகள் ஏறி நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் இன்ஜினுக்கும் ஒரு தகடு உண்டு. எந்தத் தொழிற்சாலையில் செய்தது, எந்த ஆண்டு, என்ன நம்பர் என்பதெல்லாம் அந்தத் தகட்டில் இருக்கும். அதன் வயிற்றில் கரி வாரிப் போட்டவன் பெயர் எந்தத் தகட்டிலும் இருந்ததில்லை. இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவும் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு பெரியவர். பகலில் டிக்கெட் கொடுப்பதும் மாலையில் செய்தி எழுதுவதுமாகக் காலம் தள்ளுகிற நமக்குக் கவுண்டர் ஜன்னல்தான் உலகம். சில வாரங்களுக்கு முன் அந்த ஜன்னலில் ஒரு முதியவர் வந்து நின்றார். கையில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியருக்கான அடையாள அட்டை. தமக்கு பாஸ் உண்டு என்றும், கூட வந்த பேரனுக்கு மாரிகுப்பத்துக்கு ஒரு டிக்கெட் வேண்டும் என்றும் சொன்னார். மெஷினிலிருந்து வந்த மெல்லிய காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, அட்டை டிக்கெட் ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றோம். கூட்டம் குறைந்த நேரம். ஆகவே அவர் நகரவில்லை. நாமும் நகரச் சொல்லவில்லை. அன்று அவர் சொன்னதும், பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் கேட்டதுமே இந்தத் தலையங்கத்துக்கு ஆதாரம்.

கரி இன்ஜின் வேலை செய்ததைப் பார்த்த வயது நமக்கு இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பிராட் கேஜ் பாதையில் கடைசியாக நின்ற நீராவி வண்டிகள் 1995 டிசம்பரில் பஞ்சாப் பக்கத்தில் நின்றன. தெற்கே அதற்கு முன்பே டீசல் வந்துவிட்டது. நமக்குத் தெரிந்ததெல்லாம் கேள்விதான். ஆனால் கேட்டுச் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

பெரியவர் சேர்ந்தபோது கிளீனர். இன்ஜினின் அடியில் புகுந்து எண்ணெய்ப் பிசுக்கையும் கரித்தூளையும் பஞ்சுக் கழிவால் துடைப்பது வேலை. பிறகு இரண்டாம் பயர்மேன், முதல் பயர்மேன், ஷண்டர், அதற்கப்புறம்தான் டிரைவர். ஒவ்வொரு படிக்கும் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கிளீனராகச் சேர்ந்து கிளீனராகவே ரிடையர் ஆனவர்களும் உண்டு. லோகோ ஷெட்டில் ஒரு கால் பாய் இருப்பான். நடுராத்திரி இரண்டு மணிக்கு லாந்தரைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வரிசையில் கதவு கதவாகத் தட்டுவான். புஸ்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வான். தூங்கிவிட்டேன் என்று யாரும் பிறகு சொல்ல முடியாது. கதவைத் தட்டினால் குழந்தைகள் முதலில் விழிக்கும். அப்பாவுக்குப் புளிச்சோறு கட்ட அம்மா எழுந்திருப்பாள். அந்த வரிசையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் நாலு வீடு விழித்துக்கொள்ளும் என்றார்.

வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே இன்ஜினுக்கு நெருப்பு மூட்ட வேண்டும். குளிர்ந்து கிடக்கிற பாய்லரை அவசரப்படுத்தினால் அது கெட்டுவிடும். நிதானமாகச் சூடேற்றி, தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்து, அழுத்தம் ஏறுவதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. இன்ஜின்களில் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம். அந்த முள்ளை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பயர்மேனின் மானம். கரியை வாரி வீசுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஒரே இடத்தில் குவித்தால் புகைதான் வரும். மூலைக்கு மூலை, மெல்லிசாக, பரவலாக விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற அனலை அவர் வர்ணிக்கவில்லை. முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அங்கே ரோமம் இல்லை. நாற்பது வருஷமாக முளைக்கவே இல்லையாம்.

ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் 145 கிலோ மீட்டர். சமவெளியிலிருந்து புறப்பட்ட வண்டி பெங்களூர் வருவதற்குள் சுமார் 500 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். சோமநாயக்கன்பட்டி, பச்சூர் தாண்டி குப்பத்துக்குள் போகும்வரை அது தமிழ்நாடு. குப்பம் ஆந்திரம். பிஸாநத்தம் தாண்டி காமசமுத்திரம் வந்தால் கர்நாடகம். எல்லைக் கோடு எதுவும் இன்ஜினுக்குத் தெரியாது. ஏற்றம் மட்டும்தான் தெரியும். மழை பெய்து தண்டவாளம் வழுக்கினால் சக்கரம் அந்த இடத்திலேயே சுற்றும். மணல் பெட்டியைத் திறந்து சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவ வேண்டும். கனமான வண்டி என்றால் பின்னால் இன்னோர் இன்ஜின் முட்டுக் கொடுத்துத் தள்ளும். முன் இன்ஜின் விசில் கொடுத்தால் பின் இன்ஜின் பதில் கொடுக்கும். விசிலிலேயே பேசிக்கொண்டு மலை ஏறினோம் என்றார் பெரியவர். அந்தப் பேச்சைச் சீட்டியடித்தும் காட்டினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ரயிலில் போனவர்களின் ஞாபகம் வேறு விதம். பொங்கலுக்கும் ஆடிக்கும் வடஆற்காட்டுக்கும் தர்மபுரிக்கும் மூட்டை முடிச்சுடன் போன குடும்பங்கள் இன்றும் பெங்களூரிலும் தங்கவயலிலும் இருக்கின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளையின் கண்ணில் கரி விழும். அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றி எடுப்பாள். ஊர் போய்ச் சேரும்போது வெள்ளைச் சட்டை புள்ளிச் சட்டையாகியிருக்கும். பெண் பார்க்கப் போகிறவர்கள் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போய், இறங்கும் ஸ்டேஷனில் மாற்றிக்கொள்வார்கள் என்று கேட்டு நாம் சிரித்தோம். வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கிற நேரத்தில் இன்ஜினிடம் ஓடிப்போய்க் கைக்குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வாங்கி வந்த தாய்மார்களும் உண்டு. டிரைவர் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதில்லையாம்.

ஷெட்டுக்குப் பக்கத்துச் சேரிகளுக்கு இன்ஜின் வேறு விதத்தில் சோறு போட்டது. சாம்பல் குழியில் கொட்டிய கசடில் பாதி எரிந்த கரித்துண்டு கிடைக்கும். பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு பொறுக்குவார்கள். போலீஸ் வந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். போனதும் திரும்பி வருவார்கள். அந்தக் கரியில் எரிந்த அடுப்பில் வளர்ந்த பிள்ளைகள் இன்று ஆபீசர்களாக இருக்கிறார்கள். கூடை தூக்கிய கதையைச் சிலர் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள்.

தங்கவயல் பாதையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அந்த நாளில் பவுரிங்பேட்டை என்று பெயர் பெற்றிருந்த பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை 16 கிலோ மீட்டர் கிளைப்பாதை 1894-ல் வந்தது. சுரங்கத்துக்கு வேண்டிய யந்திரமும் மரமும் கரியும் அதில்தான் வந்தன. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேரும்வரை சுரங்கமே நீராவியில்தான் ஓடியது. மண்ணுக்கு மேலே தமிழன் கரி வாரினான், மண்ணுக்குக் கீழே தமிழன் கல் உடைத்தான். கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று சுரங்கத்தின் பெயரையே ஸ்டேஷனுக்கும் வைத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஸ்டேஷன்கள் மட்டும் அந்தப் பெயர்களோடு நிற்கின்றன.

சுரங்கம் மூடிய பிறகு அந்த ரயில்தான் தங்கவயலின் உயிர் என்று சொன்னால் மிகையாகாது. விடிவதற்கு முன் எழுந்து பெங்களூர் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டட வேலை, துணிக்கடை, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி ஆயா வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் உண்டு. பாட்டன் சுரங்கத்துக்குள் இறங்கினான், பேரன் ரயிலில் நின்றுகொண்டே போகிறான். ஒருநாள் அந்த வண்டி தாமதித்தால் எத்தனை வீட்டில் அரைநாள் கூலி போகும் என்பது கவுண்டருக்கு உள்ளே இருக்கும் நமக்குத் தெரியும்.

பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்கு 1913-ல் போட்ட நேரோ கேஜ் பாதையும் உண்டு. இரண்டரை அடி அகலம். அது பின்னர் சிந்தாமணி, சிட்லகட்டா, சிக்கபள்ளாபூர், தேவனஹள்ளி வழியாகப் பெங்களூரோடு இணைந்தது. சந்தைக்குக் காய்கறியும் பட்டுக்கூடும் பட்டாணியும் ஏற்றிக்கொண்டு, ஆள் கை காட்டினால் வேகம் குறைக்கும் அளவுக்குச் சாதுவான வண்டி என்று பழையவர்கள் சொல்வார்கள். கோலார்வரை பாதை தொண்ணூறுகளில் அகலமாயிற்று. கோலாருக்கும் சிக்கபள்ளாபூருக்கும் நடுவே பல வருஷம் வண்டியே இல்லாமல் கிடந்து, 2013-ல்தான் பிராட் கேஜில் மறுபடி வண்டி வந்தது. நந்தி ஹால்ட், தொட்டஜாலா போன்ற பழைய ஸ்டேஷன் கட்டடங்களை இடிக்காமல் புதுப்பித்திருக்கிறார்கள். இது பாராட்ட வேண்டிய காரியம். அந்தப் பக்கம் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். ஓட்டுக் கூரையும் மரச் சட்டங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன.

இனி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கரி இன்ஜின் போய்விட்டதே என்று கண்ணீர் வடிப்பது நம் நோக்கமல்ல. எரித்த கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்படவில்லை. மீதி புகையாகவும் ஆவியாகவும் போயிற்று. சிங்கரேணியிலிருந்து கரியைச் சுமந்து கொண்டுவரவே எத்தனை வாகன் வேண்டியிருந்தது! கோடை வந்தால் தண்ணீருக்குத் திண்டாட்டம். உப்புத் தண்ணீர் பாய்லரில் பாறைபோல் படியும். அதைக் கழுவ இன்ஜினை நாள்கணக்கில் நிறுத்த வேண்டும். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-ல் தொடங்கி 1972 வரை 2,351 நீராவி இன்ஜின்கள் செய்து கொடுத்தது. பிறகு நிறுத்திக்கொண்டது. நிறுத்தியது சரியே. இன்றைக்கு டிரைவருக்குக் கூரையும் கண்ணாடியும் நாற்காலியும் இருக்கின்றன. எதிர்காற்று முகத்தில் அடிக்காது. அந்தச் சுகம் கூடாது என்று எவனும் சொல்லமாட்டான்.

கரி இன்ஜினைக் கவிதையாகப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியில் உட்கார்ந்து போனவர்கள். புட்பிளேட்டில் நின்றவர்கள் பாடுவது குறைவு. நாம் சந்தித்த பெரியவர் பேசும்போது நடுநடுவே இருமிக்கொண்டே இருந்தார். பதினாலு மணி, பதினாறு மணி நேரம் தொடர்ச்சியாக டியூட்டி பார்த்த காலம் அது. சிக்னல் கிடைக்காமல் வண்டி நடுக்காட்டில் நின்றாலும் நெருப்பு அணையக்கூடாது. பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று கேட்டுத்தான் லோகோ தொழிலாளர்கள் 1973 ஆகஸ்டில் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்த வருஷம் மே மாதம் 8-ம் தேதி முதல் 27-ம் தேதிவரை நாடு முழுவதும் ரயில்வே வேலை நிறுத்தம். குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றியதும், வேலை போனவர்கள் மூன்று வருஷம் காத்திருந்து திரும்பச் சேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பெரியவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மனைவியின் தாலி அடகுக்குப் போனது அந்த வருஷம்தான் என்று மட்டும் சொன்னார்.

2024 ஜூனில் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் வாராந்தர ஓய்வாக 46 மணி நேரம் வேண்டும் என்று கேட்டுப் போராடிய செய்தியைப் படித்தவர்களுக்கு, விஷயம் கரியோடு போய்விடவில்லை என்பது தெரியும். இன்ஜின் மாறியிருக்கிறது. தூக்கம் மாறவில்லை.

நாம் சொல்ல வருவது இதுதான். அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுவதும் ஸ்டேஷன்களைப் புதுப்பித்து வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் 508 ஸ்டேஷன்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். எஸ்கலேட்டர் வரட்டும், லிப்ட் வரட்டும். வயதானவர்கள் படியேறத் தவிப்பதைத் தினமும் பார்க்கிற நாம் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் பழைய கட்டடத்தை இடிக்கிற காண்டிராக்டருக்கு எது பழைய இரும்பு, எது சரித்திரம் என்று தெரியாது. யாராவது முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். பிளாட்பாரக் கோடியில் நிற்கிற தண்ணீர்க் குழாய், சிக்னல் கையைத் தூக்கிய நெம்புகோல், பந்து டோக்கன் வைத்த நீல்ஸ் பெட்டி, பிரம்பு வளையத்தோடு கூடிய தோல் பை, அட்டை டிக்கெட்டுக்குத் தேதி அடித்த மெஷின். இவற்றில் ஒன்றிரண்டையாவது அந்தந்த ஸ்டேஷனிலேயே கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். மைசூருக்கும் டெல்லிக்கும் கொண்டு போக வேண்டாம். ஜோலார்ப்பேட்டைச் சாமான் ஜோலார்ப்பேட்டையில் இருக்கட்டும். பங்காருப்பேட்டைச் சாமான் பங்காருப்பேட்டையில் இருக்கட்டும்.

சாமானைவிட முக்கியம் ஆள். பழைய லோகோ ஷெட்களின் சர்வீஸ் ரிஜிஸ்தர்களும் மஸ்டர் ரோல்களும் எங்கேயாவது அலமாரியில் கிடக்கும். கரையான் அரிப்பதற்கு முன் அவற்றை எடுத்துப் பார்த்தால் கிளீனர், கலாசி, பயர்மேன், பாயிண்ட்ஸ்மேன் என்று பெயர்கள் கிடைக்கும். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த பெயர்கள் அவற்றில் நிறைய இருக்கும். ஒரு பலகையில் அந்தப் பெயர்களை எழுதி மாட்ட எவ்வளவு செலவாகும்? அடிக்கல் நாட்டு விழாவின் சாமியானா வாடகைகூட ஆகாது.

கூடவே இன்னொன்று. பழைய பாசஞ்சர் வண்டியின் உயிர் அது நின்ற இடங்களில் இருந்தது. 2020 மார்ச்சில் கோவிட் காலத்தில் நிறுத்திய வண்டிகளைத் திரும்ப ஓட்டியபோது, பாசஞ்சருக்கு எக்ஸ்பிரஸ் பெயர் கொடுத்துக் குறைந்த கட்டணத்தைப் பத்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாயாக்கினார்கள். நாலு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில் பத்து ரூபாய்க்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்லது. ஆனால் அந்த நாலு வருஷத்தில் சின்ன ஸ்டேஷன்களில் நின்ற வண்டிகள் எத்தனை நிற்காமல் போயின, எத்தனை திரும்ப நின்றன என்று ஸ்டேஷன் வாரியாகக் கணக்கெடுத்து, காரணத்தோடு அறிவிக்க வேண்டும். பெங்களூர் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2022 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள். நான்கு பாதைகள், 148 கிலோ மீட்டர். அது வந்து சேரும்வரை கூலிக்காரனுக்குப் பாசஞ்சர்தான் புறநகர் ரயில். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020-ல் போனது போனதுதான். பெரியவருக்குப் பாஸ் இருக்கிறது. அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை.

நம் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கரி இன்ஜினில் வேலை பார்த்தவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது. பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த ஷெட்டில், எந்த வருஷம், கூட யார் யார் வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள். விசில் எப்படிக் கொடுத்தார்கள் என்றும் கேட்க மறக்காதீர்கள். சொன்னதை ஒரு முழுத்தாளில் எழுதி இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினால், பிழை திருத்தி வெளியிட நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பெயரைத் தெளிவாக, இனிஷியலோடு எழுதுங்கள்.